மரணக் கிணற்றுச் சுவர்

“சுவர் செங்குத்தால்ல இருக்கு” என்றார் நம்பி.

“ஆமா” என்றாள் பரிதா.

“இதுல நான் ஏறணும்.”

“சரி.”

“ஒன்பது நாளுக்குள்ள.”

பரிதா டீத் தம்ளரைத் தரையில் வைத்தாள்.

“எந்த ஜோசியர் சொன்னார்?”

“ஜோசியம் இல்லை. காலாண்டு லீவு அவ்வளவுதான்.”

*

ஊருக்கு வெளியே, மூடிப்போன பஞ்சாலையின் மைதானத்தில் தசராப் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். ராட்சத ராட்டினத்துக்கும் டெல்லி அப்பளக் கடைக்கும் நடுவே மரணக் கிணறு.

பெயர்தான் கிணறு. தரைக்கு மேலே பலகைகளை வட்டமாக நிறுத்தி, இரும்புப் பட்டை போட்டு இறுக்கிய ஒரு பெரிய பீப்பாய். குறுக்கே முப்பதடி. உள்ளே மண் தரை. தரையைச் சுற்றிலும் சாய்வாக ஒரு பலகைச் சரிவு. சரிவு முடிகிற இடத்தில் ஒரு சிவப்புக் கோடு. கோட்டுக்கு மேலே பன்னிரண்டடிச் சுவர். சுவரின் உச்சியில் ஜனங்கள் நின்று எட்டிப் பார்க்க ஒரு நடைபாதை.

அந்தச் சுவரில் ஒரு நாளைக்கு எட்டு ஆட்டம் பைக் ஓட்டுகிறவள் பரிதா. வயது இருபத்தொன்பது.

திருமலைநம்பிக்கு நாற்பத்தாறு. மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர்.

*

“எதுக்கு ஏறணும்?” என்றாள் பரிதா.

“போன மாசம் பதினொண்ணாம் வகுப்புல இந்தக் கிணத்தைத்தான் கணக்காப் போட்டேன். முப்பத்தொரு கிலோமீட்டர் வேகம் இருந்தா யாரும் கீழே வர முடியாதுன்னு போர்டுல எழுதி, விடைக்கு அடியில ரெண்டு கோடு போட்டேன். இசக்கியம்மாள்னு ஒரு பிள்ளை எந்திரிச்சு, ‘அப்ப நீங்க ஏறுவீங்களா சார்’னு கேட்டுட்டா.”

“என்ன சொன்னீங்க?”

“பெல் அடிச்சிருச்சு.”

“அடிக்கலைன்னா?”

நம்பி சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகினார்.

“இருபத்து ரெண்டு வருஷமா அந்த ரெண்டு கோட்டையும் போடறேன் டீச்சர். கணக்கு சரின்னு தெரியும். நான் அதை நம்பறேனான்னு தெரியலை.”

“என்னைப் போய் டீச்சர்ங்கிறீங்க. நான் எட்டாவது ஃபெயிலு.”

“வேற எப்படிக் கூப்பிடறது?”

அவள் யோசித்தாள். அவளுக்கும் தெரியவில்லை.

*

“என் எடை எண்பத்தாறு கிலோ” என்றார் நம்பி. “ஆனா பிரச்சினை இல்லை. சமன்பாட்டுல எடை ரெண்டு பக்கமும் வரும். அடிபட்டுப் போயிடும்.”

பரிதா அவர் வயிற்றைப் பார்த்தாள்.

“எங்கே போயிடும்?”

*

முதல் நாள் அவர் பைக்கைக் கேட்டார். பரிதா தரையைக் காட்டினாள்.

“ஓடுங்க.”

“எவ்வளவு தூரம்?”

“வட்டமா.”

நம்பி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றுத் தரையில் ஓடினார். பதினோராவது சுற்றில் கிணறு அவரைவிட வேகமாக ஓடியது. மல்லாந்து கிடந்தார். மேலே வட்டமாக ஒரு வானம் சுழன்றது.

நடைபாதையிலிருந்து குருவையா எட்டிப் பார்த்தார். வெளியே மைக் பிடித்துக் கூட்டம் சேர்க்கிறவர் அவர்.

“சார்வாள், நல்லாத்தான் ஓடுதிய. டிக்கெட் போட்டுரட்டுமா?”

நம்பி படுத்தபடியே சிரித்தார்.

“நாளைக்கு இருபது” என்றாள் பரிதா.

*

இரண்டாம் நாள் இருபது ஓடினார். ஓடி முடித்து, மூச்சு அடங்குவதற்குள் பேசத் தொடங்கிவிட்டார்.

“டீச்சர், ஒரு விஷயம். சுத்தும்போது வெளியே பார்த்து ஒரு விசை நம்மளைத் தள்ளுதுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. அப்படி ஒண்ணு கிடையாது.”

“கிடையாதா?”

“கிடையவே கிடையாது. நீங்க நேராப் போகத்தான் பார்க்கிறீங்க. சுவர் விடறதில்லை. சுவர்தான் உங்களை உள்ளே பார்த்துத் தள்ளுது. அந்தத் தள்ளு எவ்வளவு பலமோ, அவ்வளவுக்கு டயர் பலகையைக் கவ்வும். அந்தக் கவ்வல்தான் உராய்வு. அதுதான் கீழே விடாமத் தாங்குது.”

பரிதா எழுந்துவிட்டாள்.

“சுவர் என்னைத் தள்ளுதா?”

“ஆமா.”

“நான் சுவரை மிதிக்கலையா?”

“அதுவும் உண்டு. ஆனா உங்களைத் திருப்புறது சுவர்தான்.”

“பத்து வருஷமா நான்தான் மிதிக்கிறேன்னு நெனச்சிட்டிருந்தேனே சார்!”

அவள் பைக்கை உதைத்தாள். ஆட்டத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. தரையில் ஒரு வட்டம், சரிவில் ஒரு வட்டம், பிறகு சுவர். பலகைகள் அதிர்ந்தன. நம்பி நடுவில் நின்று கழுத்தைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தார். ஆறு சுற்று. இறங்கி வந்தாள். கண்கள் மின்னின.

“ஆமா சார்! அதுதான் தள்ளுது!”

அவர் சொன்ன ஒரு வாக்கியத்தை அவள் போய்ச் சரிபார்த்துவிட்டு வந்துவிட்டாள். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

நம்பிக்குச் சந்தோஷமாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது.

*

மூன்றாம் நாள் அவர் ஒரு வாளித் தண்ணீரைக் கையில் பிடித்துத் தலைக்கு மேலே சுழற்றிக் காட்டினார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

“பார்த்தீங்களா? வாளி தலைகீழா நிக்குது, தண்ணி விழலை. நானும் அப்படித்தான். அதே விதி.”

பரிதா வாளிக்குள் எட்டிப் பார்த்தாள்.

“தண்ணிக்குப் பயம் கிடையாதே சார்.”

*

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் பரிதா சுவரருகே போய் உள்ளங்கையால் பலகையைத் தடவுவாள். தடவிய கையைக் கன்னத்தில் வைத்துக்கொள்வாள். ஒரு கணம் கண் மூடுவாள். பிறகுதான் வண்டியில் உட்காருவாள்.

நம்பி அதைக் கவனித்தார். மறுநாள் காலையில் சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தலை குனிந்து நின்றார்.

“என்ன சார் பண்றீங்க?”

“நீங்க பண்றதைத்தான்.”

“நான் கும்பிடலை. ஈரம் இருக்கான்னு பார்த்தேன்.”

“கன்னத்துல வச்சு?”

“கையை விடக் கன்னத்துக்கு நல்லாத் தெரியும்.”

நடைபாதையில் குருவையா விழுந்து விழுந்து சிரித்தார்.

*

நான்காம் நாள் சரிவுக்கு வந்தார்கள். பழைய யமஹா. வேகம் காட்டுகிற முள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஓட்டை.

“முப்பத்தொண்ணு வந்துருச்சுன்னு எப்படித் தெரியும்?”

“பலகை சொல்லும்.”

நம்பி பையிலிருந்து புது ஹெல்மெட்டை எடுத்தார். பரிதா அதை வாங்கி ஒரு விரலால் தட்டினாள்.

“பலகை சொல்றது இதுக்குள்ள கேட்குமா? அதோட, சுவர்ல தலை ரெண்டு மூணு பங்கு கனக்கும். இதையும் சேர்த்துத் தூக்குவீங்களா?”

“நாற்பது கிலோமீட்டர்ல ரெண்டு புள்ளி எட்டு மடங்கு!” என்றார் நம்பி உற்சாகமாக. “நான் போட்டுப் பார்த்திருக்கேன்!”

“அப்ப தெரிஞ்சுக்கிட்டேதான் வாங்கிட்டு வந்தீங்களா?”

அவர் ஹெல்மெட்டைக் குருவையாவிடம் கொடுத்தார். அன்றிலிருந்து குருவையா அதில் டிக்கெட் கட்டுகளைப் போட்டு வைத்தார்.

*

நம்பி சரிவில் ஓட்டினார். நன்றாகவே ஓட்டினார். இளமையில் இந்த மாதிரி ஒரு வண்டி வைத்திருந்தவர். இடது தோளைத் தரைப் பக்கம் சாய்த்து, வட்டமாக, வட்டமாக. கிறுகிறுப்பு இல்லை. மேலே, இன்னும் மேலே. சிவப்புக் கோடு பக்கத்தில் வந்தது. முன்சக்கரம் கோட்டை முகர்ந்தது.

வலது கை தானாகத் தளர்ந்தது. வண்டி இறங்கிவிட்டது.

திரும்ப ஏறினார். திரும்ப இறங்கினார். அன்று பன்னிரண்டு முறை. மறுநாள் இருபத்து மூன்று முறை. சில சமயம் இல்லாத முன் பிரேக்கை விரல்கள் தேடின. அதை என்றைக்கோ கழற்றிப் போட்டிருந்தார்கள்.

“கோட்டுக்கிட்ட போனதும் என்ன நினைக்கிறீங்க?” என்றாள் பரிதா.

“சூத்திரத்தை.”

“கை என்ன நினைக்குது?”

நம்பி தன் கையைப் பார்த்தார்.

ஏழாம் நாள் காலையில் வந்தபோது சிவப்புக் கோடு இல்லை. பரிதா சுற்றிலும் சுரண்டி எடுத்திருந்தாள். மரத்தின் நிறம் மட்டும் இருந்தது.

நம்பி ஏறினார். அதே இடத்தில் கை தளர்ந்தது.

“கோடு இல்லையே சார்.”

“இருக்கு டீச்சர்.”

குருவையா பரிதாவைத் தனியே கூப்பிட்டார். தனியே என்றாலும் அவர் குரல் மைக் பழகிய குரல்.

“வேண்டாம் பரிதாம்மா. வாத்தியாருக்கு ஒண்ணு ஆயிட்டா பேப்பர்ல வந்துரும்.”

“ஆகலைன்னா?”

“ஆகலைன்னா எதுக்கு வரப்போவுது?”

“அப்ப ஏறட்டும். யாருக்கும் தெரியாது.”

*

எட்டாம் நாள் ஆயுத பூஜை.

நம்பி காலை ஆறு மணிக்கே வந்துவிட்டார். மனைவியிடம் சொல்லி வாங்கிய சந்தனம், குங்குமம், இரண்டு முழம் சாமந்தி, ஒரு பூசணிக்காய். பைக்கைத் தானே கழுவினார். கம்பிகளைத் துடைத்தார். பெட்ரோல் தொட்டியிலும் விளக்கிலும் பொட்டு வைத்தார். ஹேண்டில்பாரில் பூச்சுற்றினார்.

வீட்டில் ஒவ்வொரு வருஷமும் தன் ஸ்கூட்டருக்குச் செய்கிற அத்தனையும் செய்தார். ஒன்றுகூட விடவில்லை.

எட்டு மணிக்குப் பரிதா வந்தாள்.

“அடேயப்பா, மாப்பிள்ளை மாதிரி நிக்குதே!”

குருவையா சூடம் காட்டினார். பூசணிக்காய் உடைத்தார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை உருட்டினார்கள். பரிதா முதலில் தன் வழக்கப்படி ஒரு நிமிஷம் உள்ளங்கை ஏந்தி நின்றாள். பிறகு எல்லோருக்கும் பொரிகடலை கொடுத்தாள்.

பதினொரு மணிக்கு முதல் ஆட்டம். விடுமுறைக் கூட்டம். நடைபாதையில் நூறு பேருக்கு மேல். நம்பியும் மேலே நின்றார்.

பரிதா பலகையைத் தடவினாள். கையைக் கன்னத்தில் வைத்தாள். ஈரம் இல்லை. வண்டியை உதைத்தாள்.

தரையில் ஒரு வட்டம்.

சரிவில் ஏறினாள்.

பின்சக்கரம் வழுக்கியது.

வண்டி அவளுக்கு அடியிலிருந்து பக்கவாட்டில் உருவிக்கொண்டு போனது. அவள் கையை விட்டுவிட்டு உருண்டாள். வண்டி மண்ணில் விழுந்து, படுத்தபடியே உறுமியது. சக்கரம் காற்றில் சுழன்றது. நூறு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

“பயப்படாதிய! பயப்படாதிய!” என்றது மைக். “இது ஆட்டத்துல உள்ளதுதான்!”

பரிதா எழுந்தாள். முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. முதலில் எஞ்சினை அணைத்தாள். டயரை ஒரு விரலால் தடவினாள். விரலை முகர்ந்தாள்.

கீழ்க் கதவு வழியாக நம்பி ஓடி வந்தார்.

“தேங்காய் எண்ணெய்” என்றாள் பரிதா.

“நான்தான்.”

“தெரியும். குருவையா அண்ணாச்சி தலைக்கே எண்ணெய் வைக்க மாட்டார்.”

“வீட்டுல ஸ்கூட்டர் டயருக்குத் துணியில நனைச்சுத் தடவுவேன். கறுப்பா, பளபளன்னு இருக்கும். பூஜை வண்டி, பளிச்சுன்னு இருக்கட்டும்னு...”

அவள் ரத்தத்தைத் துடைத்தாள்.

“சுவர்ல வழுக்கியிருந்தா” என்றார் நம்பி.

அவள் நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள்.

“உராய்வுக் குணகம் பூஜ்யம் புள்ளி ஆறு. நானே எழுதுவேன் டீச்சர். வருஷா வருஷம் எழுதுவேன். ‘இந்தப் புள்ளி ஆறு எங்கேருந்து சார் வருது’ன்னு பிள்ளைங்க கேட்கும். ‘கணக்குல கொடுத்திருக்காங்க, வச்சுக்கோ’ன்னு சொல்வேன்.”

“யாரு கொடுத்தா?” என்றாள் பரிதா.

*

சோப்புத் தூள் கொண்டுவந்தார்கள். நம்பி டயரைத் தேய்த்தார். ஒவ்வொரு பள்ளத்திலும் பிரஷ்ஷை விட்டுத் தேய்த்தார். கழுவினார், துடைத்தார், முகர்ந்தார், மறுபடி தேய்த்தார். செங்கல் துண்டால் உரசினார். பிறகு சரிவில் எண்ணெய் இழுத்துப் போன தடத்தைத் தேடினார். மங்கலாக ஒரு கோடு. முழங்காலிட்டு அதையும் தேய்த்தார். காய்ந்த துணியால் ஒற்றினார். கன்னத்தைப் பலகையில் வைத்துப் பார்த்தார். இன்னொரு முறை ஒற்றினார்.

மேலே கூட்டம் காலால் தட்டியது.

“ஆட்டம் உண்டா இல்லையாய்யா?”

“உண்டு, உண்டு! உள்ளே ஒரு விஞ்ஞானி வேலை பார்க்காரு!” என்றார் குருவையா.

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நம்பி எழுந்து கைகளைத் துடைத்துக்கொண்டார்.

“ஏறலாமா?” என்று கேட்டாள் பரிதா.

அவள் தன்னிடம் கேட்கிறாள் என்பது அவருக்குச் சற்றுத் தாமதமாகத்தான் புரிந்தது.

அவர் பின்டயரில் உள்ளங்கையைப் பதித்தார். இழுத்தார். தோல் நகரவில்லை. முன்டயரிலும் பார்த்தார். சரிவில் பார்த்தார். மறுபடி பின்டயர்.

“ஏறலாம்.”

அவர் மேலே போகவில்லை. கதவுக்கு வெளியே, கிணற்றைச் சுற்றி நடந்து, பலகைச் சுவரின் வெளிப்பக்கத்தில் இரண்டு கைகளையும் வைத்து நின்றார். உள்ளே எஞ்சின் சத்தம் எழுந்தது. தாழ்வாகச் சுற்றியது. பிறகு உயர்ந்தது.

பலகை அவர் கையைத் தள்ளியது.

விட்டது. மறுபடி தள்ளியது. அவள் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் அந்தப் பலகை வெளியே பிதுங்கி அவர் உள்ளங்கையில் அழுத்தியது. அவரும் திருப்பி அழுத்தினார். நாற்பத்தொரு முறை. அத்தனையையும் எண்ணினார்.

ஆட்டம் முடிந்து பரிதா வெளியே வந்தாள்.

“நாளைக்குக் காலையில ஏழு மணி” என்றாள். “சுவர்.”

“நானா? இன்னைக்கு இப்படிச் செஞ்சதுக்கு அப்புறமா?”

“எட்டு நாளா மேலேயே பார்த்துட்டிருந்தீங்க. இன்னைக்குத்தான் டயரைத் தொட்டீங்க.”

*

மறுநாள் விஜயதசமி. ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கு அரிசியில் எழுத்து எழுதப் பழக்குகிற நாள். கோயில் ஒலிபெருக்கி மைதானம் வரை கேட்டது. பொருட்காட்சிக்கு அதுதான் கடைசி நாள். ராட்டினத்துக்காரர்கள் அப்போதே விளக்குகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

நடைபாதையில் குருவையா மட்டும் இருந்தார்.

“சார்வாள், வீட்டுல சொல்லிட்டு வந்தியளா?”

“கோயிலுக்குன்னு சொல்லிட்டு வந்தேன்.”

“அது ஒரு வகையில சரிதான்.”

நம்பி பலகையைத் தடவினார். கன்னத்தில் வைத்தார். லேசான குளிர். ஈரமில்லை. குனிந்து இரண்டு டயரையும் பார்த்தார்.

பரிதா கிணற்றின் நடுவில் போய் நின்றாள்.

“ஒண்ணே ஒண்ணு. பயம் வந்தா ஆக்ஸிலேட்டரைக் கூட்டுங்க. குறைச்சா கீழே வந்துருவீங்க.”

“எவ்வளவு கூட்டணும்?”

“பயம் எவ்வளவோ அவ்வளவு.”

அவர் வண்டியை உதைத்தார்.

தரையில் ஒரு வட்டம். இரண்டு. சரிவு. பலகைகள் சக்கரத்தடியில் தடதடவென ஒவ்வொன்றாகப் பேசின. சரிவு முடிகிற இடம் பக்கத்தில் வந்தது. சுரண்டிய மரம். அங்கே அந்தக் கோடு இல்லை. இருந்தது.

கை தளரப் பார்த்தது.

தளரப் பார்க்கிறது என்பது அவருக்குத் தெரிந்தது. இத்தனை நாளும் தளர்ந்த பிறகுதான் தெரிந்திருக்கிறது.

முறுக்கினார்.

முன்சக்கரம் ஏறியது. பின்சக்கரம் ஏறியது. எதுவோ அவரை இருக்கையோடு வைத்து அமுக்கியது. கன்னங்கள் தொங்கின. தலை ஒரு பானைபோல் கனத்து மார்பை நோக்கி இறங்கியது. பார்வையின் ஓரங்கள் சாம்பலாயின. வயிற்றை எக்கி, பல்லைக் கடித்தார். பரிதா தினமும் காலையில் அதைச் செய்யச் சொல்லியிருந்தாள். சாம்பல் விலகியது.

“முறுக்கு! முறுக்கு!” என்று எங்கிருந்தோ குருவையா கத்தினார். மரியாதையெல்லாம் போயிருந்தது.

நம்பி இன்னும் முறுக்கினார்.

பலகைகள் தனித்தனியாகப் பேசுவதை நிறுத்தின. எல்லாம் சேர்ந்து ஒரே சத்தமாயிற்று. ஒரு நீண்ட, கெட்டியான, அடங்கிய ரீங்காரம். வேகம் வந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. எவ்வளவு என்று தோன்றவே இல்லை.

ஒரு சுற்று. இரண்டு சுற்று. ஐந்து.

பயம் வரும் என்று காத்திருந்தார். அதற்கான ஆக்ஸிலேட்டர் கையில் தயாராக இருந்தது. பயம் வரவில்லை. டயர் கவ்வுவது இருக்கையின் வழியாக, முதுகெலும்பின் வழியாகத் தெரிந்தது. கீழே உறுதியாக ஒன்று தாங்கிக்கொண்டிருந்தது.

அவர் ஒரு சாலையில் போய்க்கொண்டிருந்தார். நல்ல மரச் சாலை. சமதளம். அது முன்னால் மெல்ல ஏறி, ஏறிக்கொண்டே இருந்தது. ஆனால் அவர் ஏறவில்லை, எப்போதும் பள்ளத்தில்தான் இருந்தார். நேராக உட்கார்ந்திருந்தார். இவ்வளவு நேராக அவர் என்றைக்கும் உட்கார்ந்ததில்லை.

நம்பி சிரித்தார். கனத்த கன்னங்களோடு சத்தமாகச் சிரித்தார்.

வலது பக்கம் வட்டமான ஒரு பெரிய ஜன்னல் திறந்திருந்தது. அதில் காலை வானம். ஜன்னலின் விளிம்பில் குருவையா படுக்கைவசமாக ஒட்டிக்கொண்டு கையை ஆட்டினார்.

இடது பக்கம் ஒரு மண் சுவர். செங்குத்தாக, உயரமாக, வட்டமாக நின்றது.

அந்தச் சுவரின் நடுவில், அடித்த ஆணிபோல், குறுக்கே நீட்டிக்கொண்டு ஒரு பெண் நின்றாள். பாதங்கள் இரண்டும் சுவரில் பதிந்திருந்தன. காலுக்கு அடியில் ஒரு பலகைகூட இல்லை. கைகளைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நம்பி பதறிப்போனார்.

“டீச்சர்! எதையாவது பிடிச்சுக்குங்க! விழுந்துடப் போறீங்க!”